டாஷ்போர்டுக்கு மரமா, சுருக்கப் பெயின்டா?

எம்ஜிபி என்ற என் பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரின் டாஷ்போர்டுக்கு முதலில் வால்நட் மரப் பலகைதான் போட்டேன். பார்க்க அரண்மனை போல இருந்தது. சேலத்துச் சித்திரை வெயிலும் ஏற்காட்டு மூடுபனியும் மாறி மாறி அடித்ததில், ஒரே வருடத்தில் ஸ்பீடோமீட்டர் துளையோரம் வெனீர் (மேலே ஒட்டிய மெல்லிய மரத்தாள்) நகம்போலப் பெயர்ந்து நின்றது. குற்றம் என்னுடையது, முன்பக்கம் மட்டும் வார்னிஷ் அடித்திருந்தேன். மரம்தான் வேண்டுமென்றால் ஈரம் தாங்கும் மரைன் பிளைவுட்டின் மேல் வெனீரை ஒட்டுங்கள். பின்புறம், துளைகளின் உள்விளிம்பு என்று ஓரிடம் விடாமல் வார்னிஷ் பூசுங்கள்.

பளபளக்கும் அலுமினியம் வேண்டவே வேண்டாம். திறந்த காரில், மலையேறும் இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் வெயில் கண்ணைக் குத்தும்.

1962இல் வந்த எம்ஜிபிக்கு எஃகு டாஷ்போர்டில் கறுப்புச் சுருக்கப் பெயின்ட்தான், அதாவது காயும்போது சுருக்கம் சுருக்கமாக விழும் பெயின்ட். நானும் அதற்கே திரும்பிவிட்டேன். பேட்டரி இணைப்பைக் கழற்றிய பிறகே மீட்டர்களைத் தொடுங்கள். பெயின்டைக் கனமாக அடிக்க வேண்டும்: முதலில் குறுக்காக, அடுத்து நெடுக்காக, பிறகு சாய்வாக. சூடு காட்டினால் சுருக்கம் சீராக விழும். கையைச் சிக்கனம் பிடித்தால் விழாது. முதலில் ஒரு தகரத்தில் அடித்துப் பாருங்கள். நான் பிஸ்கட் டப்பா மூடியில் பழகினேன். அந்த டப்பாவில்தான் இப்போது என் ஸ்க்ரூக்கள் கிடக்கின்றன.