பிரெஞ்சு நாவலில் வீண்செலவைக் கணக்குப் பார்த்துப் படிப்பது எப்படி?

புதுச்சேரியில் தணிக்கைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். நாவலை எடுத்தாலும் கை பென்சிலைத் தேடும். பிரெஞ்சு படிக்கிற பிள்ளைகள் ‘கஸ்பியாழ்’ என்ற சொல்லைக் கண்டதும் ஓரத்தில் ‘வீண்செலவு’ என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். அந்த இடத்தில்தான் நிற்க வேண்டும் என்பது என் கட்சி. யார் பணம், யார் கை, யார் கணக்கு என்று மூன்று கேள்வி கேட்காமல் அந்தச் சொல்லைத் தாண்டாதீர்கள்.

முதலில் இன்றைய அர்த்தத்தை ஓரமாக வையுங்கள். இன்று பிரான்சில் இந்தச் சொல்லைக் கேட்டால் பலருக்கும் குப்பைக்குப் போகும் சாப்பாடுதான் நினைவுக்கு வரும். 400 சதுர மீட்டருக்கு மேற்பட்ட சூப்பர் மார்க்கெட்டுகள் விற்காமல் மிஞ்சும் உணவைத் தொண்டு அமைப்புகளுக்குக் கொடுக்க ஒப்பந்தம் போட வேண்டும் என்று 2016-ல் சட்டமே வந்தது. 19-ஆம் நூற்றாண்டு நாவலில் வீணாவது சாப்பாடு மட்டுமல்ல. பரம்பரைச் சொத்து, உடம்பு, வயசு, எல்லாம்தான். சந்தேகம் வந்தால் 16 தொகுதிகளாக வந்த ‘திரெஸோர்’ அகராதியைப் பாருங்கள். இணையத்தில் இலவசம். ஒவ்வொரு சொல்லுக்கும் எழுத்தாளர்களின் வாக்கியங்களையே மேற்கோளாகத் தருவார்கள். அர்த்தத்தை விட்டுவிட்டு அந்த மேற்கோள்களைப் படிப்பதே எனக்குப் பொழுதுபோக்கு.

பக்கத்து வீட்டுச் சொற்களையும் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். ‘தெபான்ஸ்’ வெறும் செலவு. அதில் குற்றச்சாட்டு இல்லை. ‘கூலாழ்’ என்பது வேலைக்காரர்கள் கைவரிசையால் வீட்டில் நடக்கும் கசிவு. ‘காஷே’ என்றால் கெடுப்பது, பாழாக்குவது. கொத்தனார் சாந்து குழைப்பதற்கும் அதே வினைச்சொல்தான். நாவலாசிரியர் ப்ரூஸ்ட் 1913-ல் வெளியிட்ட, தன் நெடுநாவலின் முதல் தொகுதியில், ஸ்வான் ஓதெத் என்ற பெண்ணுக்காகப் பணத்தை வாரி இறைக்கிறான். கடைசியில் புலம்பும்போது பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. தனக்குப் பிடித்த ரகமே இல்லாத ஒருத்திக்காக வருஷக்கணக்கில் வாழ்க்கையைப் பாழாக்கினேனே என்கிறான். அங்கே வரும் வினை ‘காஷே’. பணக்காரன் பணத்தைப் பற்றுக் கணக்கில் (செலவுப் பக்கத்தில்) எழுதவே இல்லை, வருஷங்களைத்தான் எழுதுகிறான் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

இனி பென்சில் வேலை. பயிற்சிக்கு ஸோலாவின் ‘நானா’வை (1880) விடச் சிறந்த புத்தகம் கிடையாது. நானா, பணக்கார ஆண்களின் பணத்தில் வாழும் பாரிஸ் தாசி. 13-ஆம் அத்தியாயத்தைத் திறந்து, பக்க ஓரத்தில் ஃப்ராங்க் (அந்தக் காலப் பிரெஞ்சுப் பணம்) தொகைகளை மட்டும் எழுதிக்கொண்டே போங்கள். தங்கமும் வெள்ளியும் இழைத்த ஒரு கட்டிலுக்கு 50,000 ஃப்ராங்க். அதே வீட்டில் ரொட்டிக் கடைக்காரனுக்கு 133 ஃப்ராங்க் பாக்கி. கையில் ரொக்கம் இல்லாமல் நானா திண்டாடுகிறாள். இந்த இரண்டு எண்ணையும் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதிப் பாருங்கள். என் உத்தியோக காலத்தில் இப்படி ஒரு பேரேட்டைப் பார்த்திருந்தால் அன்றைக்கே பீரோவுக்குச் சீல் வைத்திருப்பேன்.

அந்த அத்தியாயத்திலேயே ஃபிலிப் என்ற இளம் ராணுவ அதிகாரி ஒரு பீங்கான் மிட்டாய்ச் சிமிழைப் பரிசாகக் கொண்டுவருகிறான். மூடி விழுந்து உடைகிறது. நானாவுக்குச் சிரிப்பு வருகிறது. உடைப்பதில் ருசி கண்டு, மற்றவர்கள் கொடுத்த பரிசுகளையும் ஒவ்வொன்றாக எடுத்துக் கிழிக்கிறாள், நொறுக்குகிறாள். இங்கே அவசரப்பட்டு ‘திமிர்’ என்று எழுதிவிடாதீர்கள். ஃபிலிப் அவளுக்காக ரெஜிமென்ட் கஜானாவில் கைவைத்தவன்; 12,000 ஃப்ராங்க் திருடியதற்காகப் பிறகு கைதாகிறான். பணம் அரசாங்கத்தது, கை ஃபிலிப்புடையது, நொறுக்குவது நானா. கணக்கு வைத்திருப்பவர் ஸோலா ஒருவர்தான். மாட மாளிகையில் யாருமே வவுச்சர் கேட்பதில்லை என்பதைக் காட்டுவதற்குத்தான் அவர் ஒவ்வொரு தொகையையும் எழுதுகிறார்.

சொல் வரும் இடத்தை மட்டும் தேடினாலும் ஏமாந்துவிடுவீர்கள். பல்ஸாக்கின் ‘கோரியோ’வில் (1835) படிக்கட்டைப் பாருங்கள். கிழவர் கோரியோ விடுதியில் முதல் மாடிக்கு வருஷம் 1,200 ஃப்ராங்க் கொடுத்து வருகிறார். பிறகு இரண்டாம் மாடி, 900. பிறகு மூன்றாம் மாடி, மாதம் 45. மேலே ஏற ஏற வாடகை இறங்குகிறது. மிச்சமெல்லாம் மகள்களின் உடுப்புக்கும் கடனுக்கும் போகிறது. நடுராத்திரியில் வெள்ளிப் பாத்திரத்தைத் தன் கையாலேயே முறுக்கிக் கட்டியாக்குகிறார். அப்பா வாயில் ‘வீண்’ என்ற பேச்சே வராது. அவருக்கு அது செலவுகூட இல்லை, பாசம். அவர் செத்த பிறகு மகள்கள் அனுப்பியது காலி வண்டிகளை. வெட்டியான்களுக்குக் கொடுக்க, அதே விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவன் ரஸ்தினியாக் விடுதி வேலையாளிடம் 20 ஸூ (சில்லறைக் காசு) கைமாற்று வாங்குகிறான். அந்த 20 ஸூவை மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள்.

‘மதாம் பொவாரி’யில் (1857) எம்மா போட்ட ப்ரோநோட்டுகளைக் கூட்டிப் பாருங்கள், போதும். 8,000 ஃப்ராங்க் கட்டச் சொல்லித் தீர்ப்பு வருகிறது. ஜவுளி வியாபாரி லெரோ எங்கே பேனாவை நீட்டினான் என்று பின்னோக்கிப் போனால் நாவலின் முதுகெலும்பு கிடைத்துவிடும்.

ஜார்ஜ் பத்தாய் என்ற பிரெஞ்சுச் சிந்தனையாளரைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். மிஞ்சிய செல்வத்தை எப்படியாவது செலவழித்தே தீர வேண்டும், அதில் பயன் தேடாதே என்று வாதாடுகிறவர். என்னைப் போன்ற ஆளுக்கு ஜீரணமாகாத வாதம். ஆனால் நானா பரிசுகளை ஏன் உடைக்கிறாள் என்று யோசிக்கும்போது அவரைத் தவிர்க்க முடியவில்லை. 1949-ல் வந்த பெரிய புத்தகத்தில் கைவைக்காமல், 1933-ல் ‘தெபான்ஸ்’ பற்றி எழுதிய சின்னக் கட்டுரையிலிருந்து தொடங்குங்கள்.