பாதசாரி விபத்து ஆய்வுகளைப் படிக்கும் முறை

நடந்து செல்வோர் வாகனத்தில் அடிபடுவதைப் பற்றிய அயல்நாட்டு ஆய்வு எதையாவது மேற்கோள் காட்ட நினைப்பவர், அதன் முடிவுரைக்குப் போவதற்கு முன், அதிலுள்ள இறப்புகளை யார் எங்கிருந்து எண்ணினார்கள் என்று பார்க்க வேண்டும். 2021ஆம் ஆண்டில் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்தவர்கள், பாதசாரிகள் மட்டுமின்றி எல்லோரையும் சேர்த்து, 1,53,972 பேர் என்பது காவல்துறைப் பதிவுகளைத் தொகுத்த அரசுக் கணக்கு. அதே ஆண்டுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடோ இரண்டு லட்சத்தைத் தாண்டுகிறது. ஒன்று பதிவு, மற்றொன்று மதிப்பீடு என்பதால், இரண்டையும் ஒரே அட்டவணையில் கலந்து நாடுகளை ஒப்பிடக் கூடாது.

அடுத்து வேகம். இந்தத் துறையில் மிக அதிகமாக எடுத்தாளப்படுவதும் மிக அதிகமாகத் தவறாகப் படிக்கப்படுவதும் இதுதான். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் கார் மோதினால் பாதசாரி இறக்கும் வாய்ப்பு 80 சதவீதம் என்று பல ஆண்டுகளாகச் சொல்லப்பட்டு வந்தது. உயிரிழப்பு நேர்ந்த விபத்துகள் தவறாமல் ஆய்வாளரின் கோப்புக்கு வந்துசேர, சிராய்ப்போடு எழுந்து வீட்டுக்குப் போனவர்களில் பெரும்பாலோர் கணக்கிலேயே வராமல் போனதால், பழைய மாதிரிகளில் இறப்பு விகிதம் ஊதிப் பெருத்திருந்தது. இந்தச் சாய்வைத் திருத்தி, ஜெர்மனியின் விரிவான விபத்துத் தரவுகளைக் கொண்டு ரோசன், சாண்டர் ஆகியோர் 2009இல் வெளியிட்ட ஆய்வில் அந்த வாய்ப்பு 10 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. அப்படியானால் மணிக்கு 30 கிலோமீட்டர் என்ற வேக வரம்பு தேவையில்லை என்று வாதிடுவது அவசரம். அதே ஆய்வின்படி 50இல் மோதுவது 30இல் மோதுவதைவிட ஐந்து மடங்குக்கும் மேல் ஆபத்தானது. ஆகவே தனியொரு சதவீதத்தை விட்டுவிட்டு, இரு வேகங்களுக்கு இடையிலான வேறுபாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த எண்கள் மோதும் கணத்தின் வேகத்தைக் குறிப்பவை என்பதையும் கவனிக்க வேண்டும். ஓட்டுநர் பிரேக் போட்ட பிறகு எஞ்சும் வேகம் அது. வேகமானியில் அதற்கு முன் காட்டியது வேறு. மேலும் அந்த ஜெர்மானியத் தரவு, கார்களின் முன்பகுதியில் அடிபட்ட பெரியவர்களைப் பற்றியது. பேருந்தும் லாரியும் இருசக்கர வாகனமும் பாதசாரிமீது மோதும் நம் சாலைகளுக்கு அதை அப்படியே பொருத்த இயலாது.

கடைசியாக, வகுக்கும் எண்ணைத் தேடுங்கள்; அதாவது, விபத்துகளின் எண்ணிக்கையை எத்தனை பேர் கடந்தார்கள் என்பதோடு ஒப்பிட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். அமெரிக்காவில் 30 நகரங்களில், பாதசாரிகள் சாலையைக் கடக்கும் இடங்களில் கோடு போட்ட 1,000 கடவைகளையும் போடாத 1,000 கடவைகளையும் ஒப்பிட்ட செகீர் குழுவினரின் 2005ஆம் ஆண்டு ஆய்வு, விபத்துகளை எண்ணியதோடு நிற்காமல், அந்த இடங்களில் கடந்த பாதசாரிகளின் எண்ணிக்கையையும் போக்குவரத்து அளவையும் கணக்கில் கொண்டது. பல தடங்கள் கொண்டு, நாளொன்றுக்கு 12,000 வாகனங்களுக்கு மேல் செல்லும் சாலைகளில், சிக்னலோ நடுத்திட்டோ இல்லாமல் வெறும் கோடு மட்டும் போட்ட கடவைகளில் விபத்து விகிதம் கூடுதலாக இருந்ததை அதனால்தான் அவர்களால் காட்ட முடிந்தது. கடப்போர் எண்ணிக்கையே இல்லாத ஆய்வு, ஒரு கடவை பாதுகாப்பானதா அல்லது மக்கள் அஞ்சி அதைத் தவிர்க்கிறார்களா என்பதைச் சொல்லாது. அத்தகைய ஆய்வை ஓரிடத்தின் விபத்துப் பட்டியலாக மட்டும் பயன்படுத்துங்கள்.