கொங்கு நாட்டு ஊர்களில் நிற்கும் வீரக்கற்களைப் படித்துப் பதிவு செய்யும் முறை

கொங்கு நாட்டின் பழைய ஊர்கள் பலவற்றில், குளக்கரையிலோ வேலியோரத்திலோ வேப்பமரத்தடியிலோ, வாளேந்திய வீரனின் உருவம் செதுக்கிய பலகைக்கல் ஒன்று நிற்கும். புலியோடு பொருது மடிந்தவனுக்கு எடுத்த கல்லைப் புலிகுத்திக்கல் என்றும், போரில் பட்டவனுக்கு எடுத்ததை வீரக்கல் என்றும், கணவனோடு தீப்பாய்ந்த பெண்ணை வீரமாத்தி என்றும் மக்கள் வழங்குகின்றனர். கோயில் கல்வெட்டுகள் பெரும்பாலும் அரசரையும் கொடையளித்தோரையும் பேசுகின்றன. ஊர் மாட்டை மீட்கப் போய் உயிர்விட்ட ஒருவனைப் பற்றிய சான்று பல ஊர்களில் இந்தக் கல் ஒன்றுதான். சாலை அகலப்படுத்தும்போதும் மனை பிரிக்கும்போதும் இவை பெயர்த்து ஒதுக்கப்படுவதால், உங்கள் ஊர்க் கல்லை இன்றே முறையாகப் பதிவு செய்து வைப்பது அவசியம்.

கல் பெரும்பாலும் வழிபாட்டில் இருக்கும். ஆகவே முதலில் பூசாரியிடமும் நிலத்துக்கு உரியவரிடமும் நோக்கத்தைச் சொல்லி ஒப்புதல் பெறுங்கள். அதன்பின் கல்லைத் தொடுவதற்கு முன் இடத்தைப் பதியுங்கள்: கைப்பேசி காட்டும் அட்சரேகை, தீர்க்கரேகை, கல் நோக்கும் திசை, தரைக்கு மேல் தெரியும் உயரம், அகலம், தடிமன் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். அருகில் பழைய வண்டித்தடம், ஊர் எல்லை, நீர்நிலை, கிளுவை வேலியிட்ட மேய்ச்சல் நிலமான கொரங்காடு ஆகியவற்றுள் எது இருக்கிறது என்பதையும் எழுதுங்கள். பாலக்காட்டுக் கணவாயை நோக்கிச் சென்ற இராசகேசரிப் பெருவழி போன்ற வணிகப் பாதைகளும், பெருமளவில் மாடு மேய்ந்த வெளிகளும் நிறைந்த நாடு இது. வீரன் வழியில் மடிந்தானா, மேய்ச்சல் வெளியில் மடிந்தானா என்பதைச் சில வேளைகளில் இடமே உணர்த்திவிடும். கல்லைப் பெயர்த்துக் கோயிலுக்குள் கொண்டுவைத்தால் இந்தச் சான்று அழிந்துவிடும் என்பதால், நகர்த்த வேண்டாம் என்று ஊராரிடம் உறுதியாக எடுத்துச் சொல்லுங்கள்.

அடுத்துச் சிற்பத்தைப் படியுங்கள். இதற்கு அவசரமே கூடாது. வீரனின் கைகளில் இருப்பது வில்லா, வாளா, ஈட்டியா, குறுவாளா. கொண்டை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது. உடலில் அம்பு தைத்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். பின்னங்கால்களில் எழுந்து நிற்கும் விலங்கின் மீது ஆயுதம் பாய்ந்திருந்தால் அது புலிகுத்திக்கல். காலடியில் மாடுகள் இருந்தால் ஆநிரை கவர்தல் அல்லது மீட்டல் தொடர்பானது என்று கொள்ளலாம். வீரன் தன் கழுத்திலேயே வாளை வைத்திருந்தால் அது போரில் பட்டவனின் கல் அன்று; தன்னையே பலிகொடுத்த நவகண்டச் சிற்பம். அருகில் வளையணிந்த கையை உயர்த்திய பெண் உருவம் நின்றால் உடன்கட்டையைக் குறிக்கும். சில கற்கள் அடுக்கடுக்காகப் பிரிந்திருக்கும். கீழடுக்கில் சண்டையும், நடுவில் வீரனை அரம்பையர் வானுலகுக்கு அழைத்துச் செல்லும் காட்சியும், மேலடுக்கில் அவன் வானுலகில் இருக்கும் காட்சியும் அமைந்திருக்கும். உச்சியில் செதுக்கிய ஞாயிறும் திங்களும், அவை உள்ளவரை இப்புகழ் நிற்கும் என்பதற்கான குறி. கல் காண்பதில் தொடங்கி, நீராட்டி, நட்டு, படைத்து, வாழ்த்துவது வரை தொல்காப்பியம் ஆறு நிலைகளாக வகுத்துரைக்கும் மரபின் தொடர்ச்சியே உங்கள் கண்முன் நிற்கிறது.

எழுத்து இருந்தால் நண்பகலில் படம் எடுக்காதீர்கள். காலையோ மாலையோ சாய்வெயில் விழும்போது, அல்லது இருட்டிய பின் கைவிளக்கைக் கல்லின் பக்கவாட்டிலிருந்து அடித்து எடுத்தால், மங்கிய எழுத்தும் நிழலோடு துலங்கும். அழுக்குப் படிந்திருந்தால் தண்ணீரும் மென்மையான நார்த்தூரிகையும் போதும். கம்பித் தூரிகை, அமிலம், உளி மூன்றும் கல்லைக் கெடுக்கும். பழைய கற்களில் வட்டெழுத்து என்னும் பழந்தமிழ் எழுத்து வடிவம் இருக்கக்கூடும். அதை ஊகித்துப் படிக்காமல், அறிந்தவர்களுக்குப் படத்தை அனுப்புங்கள். ‘தொறு’ என்பது மாட்டு மந்தையையும், ‘பட்டான்’ என்பது போரில் வீழ்ந்தவனையும் குறிக்கும். ‘தொறு மீட்டுப் பட்டான் கல்’ என்ற தொடரில் ஒருவனின் முடிவும் அதன் காரணமும் அடங்கிவிடுகின்றன. பிற்காலக் கற்களில் சக ஆண்டு இருந்தால், கி.பி. ஆண்டைப் பெற 78 கூட்டுங்கள். கலியாண்டு இருந்தால் 3101 கழியுங்கள். ௲௪௱௫௰ என்று தமிழ் எண்களில் கண்டால் அது 1450. சக ஆண்டாயின் கி.பி. 1528 ஆகும்.

ஊர்ப் பெரியவர்கள் சொல்வதை அவர்கள் சொற்களிலேயே ஒலிப்பதிவு செய்யுங்கள். கல்லில் கண்டதையும் காதில் கேட்டதையும் ஒரே பத்தியில் கலக்காதீர்கள். குதிரைவீரன் உருவம் என்றாலே அதைப் பொன்னர், சங்கர் என்னும் உடன்பிறந்தாரைப் பாடும் அண்ணன்மார் கதையோடோ, 1805இல் சங்ககிரியில் தூக்கிலிடப்பட்ட தீரன் சின்னமலையோடோ இணைப்பது இப்பகுதியில் இயல்பு. அந்தப் பற்றுதல் மதிக்கத்தக்கது. ஆனால் வட்டெழுத்துள்ள கல் சின்னமலைக்குப் பல நூற்றாண்டு முந்தியது. அதை அவர் பெயரில் ஏற்றினால் உண்மையில் அங்கே மடிந்தவன் இரண்டாம் முறை மறைந்துபோவான்.

ஊரில் பளிங்குப் பலகை இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். முதல் உலகப் போருக்குப் பின், 1914 முதல் 1919 வரை இவ்வூரிலிருந்து போருக்குச் சென்றோர் இத்தனை பேர், மாண்டோர் இத்தனை பேர் என்று எண்ணிக்கையை மட்டும் பொறித்த பலகைகள் இந்தியாவின் பல ஊர்களில் வைக்கப்பட்டன. அவற்றில் பெயர் இராது. பெயரைத் தேட, காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பதிவேட்டைப் பாருங்கள். இந்திய வீரர் பலருக்குத் தந்தை பெயரும் ஊரும் மாவட்டமும் அதில் உண்டு. ஈரோடு மாவட்டம் 1979இலும் திருப்பூர் மாவட்டம் 2009இலும் உருவானவை என்பதால், கோயம்புத்தூர் என்ற பழைய மாவட்டப் பெயரில், ஊர்ப்பெயரின் பழைய ஆங்கில எழுத்துக்கூட்டலோடு தேடுவதே பயன் தரும்.

பதிவு முடிந்ததும் படங்கள், அளவுகள், வரைபடம், ஒலிப்பதிவு ஆகியவற்றின் படிகளை ஊராட்சி அலுவலகத்திலும் ஊர்ப் பள்ளியிலும் கொடுங்கள். மாநிலத் தொல்லியல் துறைக்கும், கோவை அல்லது ஈரோடு அரசு அருங்காட்சியகத்துக்கும் எழுத்து வடிவில் தெரிவியுங்கள். மண்ணில் புதைந்த புதிய கல் கிடைத்தால் கிராம நிர்வாக அலுவலர் வழியாக வட்டாட்சியருக்கும் சொல்லுங்கள். கல்லுக்கு எனாமல் பூச வேண்டாம், அடியில் சிமென்ட் கொட்ட வேண்டாம் என்பதை ஊர்க்கூட்டத்தில் பேசித் தீர்மானமாக எழுதி வாங்கினால், நாளை சாலைப்பணிக்கு வரும் ஒப்பந்ததாரரிடம் காட்டுவதற்கு ஊரார் கையில் ஒரு தாள் இருக்கும்.