மூலிகை எக்ஸ்ட்ராக்ட்டை எலில டெஸ்ட் பண்றவங்க கவனிக்க வேண்டியது
முதல்ல எதிக்ஸ் கமிட்டி அனுமதி வாங்குங்க, அது கைக்கு வராம ஒரு எலியைக்கூட தொடாதீங்க. அப்புறம் செடி சரியான செடிதானான்னு ஒரு தாவரவியல் ஆள்கிட்ட உறுதி பண்ணிக்கோங்க, இதுல தப்பு நடந்தா அத்தனை உயிரும் வீணாப்போகும், எனக்கு மனசு தாங்காத விஷயம் அதுதான்.

அக்யூட் டெஸ்ட்டுக்கு, அதாவது ஒரு தடவை கொடுத்தா எவ்வளவு விஷம்னு பார்க்கிறதுக்கு, ஓஈசிடிங்கிற சர்வதேச அமைப்போட 423-ம் நம்பர் வழிகாட்டி முறை நல்லது, ஒரு ஸ்டெப்புக்கு, அதாவது டோஸ் கொடுத்துப் பார்க்கிற ஒரு சுற்றுக்கு, 3 எலி போதும், பெரும்பாலும் கர்ப்பமாகாத பெண் எலிங்கதான். முந்தின ராத்திரியே சாப்பாட்டை எடுத்துடுங்க, ஆனா தண்ணி கண்டிப்பா இருக்கணும். சுண்டெலின்னா 3-4 மணி நேரம் பட்டினி போதும். எடை பார்த்து டோஸ் கணக்கு போடுங்க, 5, 50, 300, 2000 மி.கி. (ஒரு கிலோ எடைக்கு), இதுல ஒண்ணுலேர்ந்து ஆரம்பிக்கலாம், செடியோட விஷத்தன்மை பத்தி எதுவுமே தெரியலன்னா 300தான் சரி. கொடுக்கிற அளவு 100 கிராம் எடைக்கு 1 மி.லி. தாண்ட வேணாம், தண்ணில கரைச்சதுன்னா 2 வரைக்கும் போகலாம்.

டோஸ் கொடுத்துட்டு டீ குடிக்கப் போயிடாதீங்க, முதல் அரை மணி நேரத்துல ஒரு தடவையாவது, அப்புறம் முதல் 4 மணி நேரம் ரொம்ப கவனமா, நடுக்கம், வலிப்பு, எச்சில் வடியுறது, வயித்துப்போக்கு, மூச்சு, தூக்கம்னு எல்லாத்தையும் நேரத்தோட எழுதி வைங்க, பிறகு 14 நாள் தினமும் பாருங்க. எலி ரொம்ப வேதனைப்பட்டா 14 நாள் முடியட்டும்னு காத்திருக்காம கருணைக்கொலை பண்ணிடணும். வாரம் ஒருமுறை எடை, கடைசில எல்லா எலியையும் அறுத்து உறுப்புங்களைப் பார்க்கணும். தொடர்ந்து சாப்பிடுற மருந்துன்னா இது பத்தாது, 28 நாள் தினமும் கொடுத்துப் பார்க்கிற டெஸ்ட்டும் வேணும், ஈரல், கிட்னி பாதிப்பு அதுலதான் தெரியவரும்.