ஹேண்டில் போட்டுப் பழைய காரைக் கிளப்புவது எப்படி?

எங்கள் பக்கம் கிணற்று மேட்டில் ஆயில் என்ஜின் சுற்றிப் பழகிய கைகள் ஏராளம். அந்தக் கையில் பழைய காரின் ஹேண்டிலை, அதாவது முன்பக்கம் மாட்டி என்ஜினைச் சுற்றிக் கிளப்பும் வளைந்த இரும்புக் கம்பியைக் கொடுத்தால், "இதென்னங்க பெரிய வித்தை" என்று மடமடவெனச் சுற்ற ஆரம்பித்துவிடும். எங்கள் அப்பிச்சிக்கு (அம்மாவின் அப்பா) மணிக்கட்டு முறிந்தது அப்படித்தான். மார்கழிக் குளிர், பொள்ளாச்சிப் பக்கம் தோட்டத்து வீடு, அவசரமாகச் சந்தைக்குப் போக வேண்டும். ஹேண்டில் திருப்பி விட்டது ஒரே உதை. அதற்கப்புறம் மூன்று மாதம் இடது கையில்தான் சாப்பாடு.

ஆயில் என்ஜினில் டிகம்ப்ரஷன் லிவர் உண்டு. அதைத் தூக்கிவிட்டால் சிலிண்டருக்குள் காற்று அழுந்தாது. ஃப்ளைவீல் வேகம் பிடிக்கும்வரை சுற்றிவிட்டு லிவரை விட்டால் என்ஜின் பிடித்துக்கொள்ளும். பெட்ரோல் காரில் அந்த வசதி கிடையாது. பிளக்கில் பொறி முந்தி விழுந்தால், மெதுவாக ஏறிவரும் பிஸ்டன் உச்சியைத் தாண்டும் முன்பே கீழே தள்ளப்படும். ஹேண்டில் பின்பக்கமாகத் திரும்பி உதைக்கும்.

சரி, வேலைக்கு வருவோம். நான்கு சிலிண்டர் பெட்ரோல் கார்களை மனதில் வைத்துச் சொல்கிறேன்: பழைய அம்பாசடர், ஃபியட் 1100, வில்லீஸ் ஜீப் மாதிரி.

காரைச் சமதரையில், திறந்த வெளியில் நிறுத்துங்கள். ஷெட்டுக்குள் வேண்டாம், புகை விஷம். கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று லிவரை ஆட்டிப் பாருங்கள். ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். கார் ஓட்டத் தெரிந்த ஒருவர் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதித்திருந்தால் நல்லது. வேட்டி கட்டியிருந்தால் மடித்துக் கட்டுங்கள், துண்டைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய கார் என்றால் ஸ்டியரிங் பக்கம் பொறி விழும் நேரத்தை மாற்றும் ஸ்பார்க் லிவர் இருக்கலாம். பொறி பிந்தி விழும்படி அதை வையுங்கள். ஃபோர்டு மாடல் டி-யில் இடது பக்க லிவரை முழுக்க மேலே தள்ள வேண்டும். அம்பாசடரில் அந்த லிவர் கிடையாது, பிளக்குகளுக்குப் பொறியைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரே பார்த்துக்கொள்ளும். அடிக்கடி உதைத்தால் டைமிங் முந்திக் கிடக்கிறது என்று அர்த்தம். மெக்கானிக்கிடம் காட்டாமல் மறுபடி ஹேண்டில் போடாதீர்கள்.

இக்னிஷனை அணைத்து வைத்து, சோக்கை (காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டும் குமிழ்) இழுத்து, ஹேண்டிலை மெதுவாக மூன்று நான்கு தடவை மேலே இழுங்கள். பெட்ரோல் உள்ளே போகும், கைக்கும் எங்கே கனக்கிறது என்று தெரியும். நான்கு சிலிண்டரில் ஒவ்வொரு அரைச் சுற்றுக்கும் அந்தக் கனம் வரும். கடிகாரத்தில் ஏழு மணி காட்டும் இடத்தில் கனம் தொடங்கும்படி ஹேண்டிலை எடுத்து மாட்டிக்கொள்ளுங்கள்.

பிடியில்தான் எல்லாம் இருக்கிறது. கட்டை விரலை ஹேண்டிலைச் சுற்றி மடக்கக் கூடாது. மற்ற நான்கு விரல்களோடு ஒரே பக்கமாகச் சேர்த்து, கொக்கி போல் பிடியுங்கள். ரேடியேட்டரைப் பார்த்து நின்றால் ஹேண்டில் வலஞ்சுழியாக, உங்கள் இடப்பக்கம் வழியாக மேலேறும். ஆகவே இடது கைதான் தோது. உதைத்தால் ஹேண்டில் விரல்களை விரித்துவிட்டுத் தானே கழன்று போகும். சோற்றுக்கை சும்மா இருக்கட்டும்.

இப்போது இக்னிஷனைப் போடச் சொல்லுங்கள். கீழிருந்து மேலே, வெடுக்கென்று ஒரே இழுப்பு. கிளம்பவில்லையா, மறுபடி ஏழு மணிக்குக் கொண்டுவந்து இன்னொரு இழுப்பு. கீழே அழுத்தித் தள்ளவே கூடாது, முழுச் சுற்றும் சுற்றக் கூடாது. கீழே தள்ளும்போது உதைத்தால் உடம்புப் பாரம் முழுவதும் மணிக்கட்டில் இறங்கும்.

என்ஜின் பிடித்ததும் ஹேண்டிலின் பல் தானே விலகிவிடும். உடனே உருவி எடுங்கள். விலகாமல் சிக்குகிறது என்றால் பல் தேய்ந்திருக்கலாம், கிரீஸ் காய்ந்திருக்கலாம். சரிபண்ணும் வரை அந்த ஹேண்டிலைத் தொடாதீர்கள்.

பேட்டரி அடியோடு செத்திருந்தால், மேக்னெட்டோ (பேட்டரி இல்லாமலே பொறிக்குக் கரண்ட் உண்டாக்கும் கருவி) இல்லாத காரை எவ்வளவு இழுத்தாலும் கிளம்பாது. பொறிக்கு வேண்டிய கரண்டைப் பெருக்கிக் கொடுக்கும் காயிலுக்குக் கொஞ்சமாவது கரண்ட் வேண்டும். ஐந்தாறு இழுப்புக்குப் பிறகு பெட்ரோல் வாடை தூக்கலாக அடித்தால், இக்னிஷனை அணைத்துச் சோக்கை உள்ளே தள்ளுங்கள். ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதிக்கச் சொல்லி நாலைந்து தடவை இழுத்துவிட்டு, ஒரு டீ குடித்து வாருங்கள்.