பழைய கம்ப்யூட்டருக்கு முதலில் எஸ்எஸ்டி, மற்றதெல்லாம் அப்புறம்

2012, 2013 வாக்கில் அசெம்பிள் செய்து வாங்கிய கம்ப்யூட்டர் இன்னும் வீட்டில் கிடக்கிறதா? மூன்றாம் தலைமுறை ஐ3 அல்லது ஐ5, எச்61 (இன்டெல் சிப்செட்) மதர்போர்டு, 4 ஜிபி ரேம், ஒரு ஹார்ட் டிஸ்க். தூக்கிப் போடாதீர்கள். எல்லாரும் பிராசஸரைத்தான் குறை சொல்வார்கள், ஆனால் இழுத்துப் பிடிப்பது பெரும்பாலும் ஹார்ட் டிஸ்க். அதற்கு மாற்று எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிஸ்க்.

முதல் வேலை, போட்டோ, ஃபைல் எல்லாவற்றையும் வேறெங்காவது காப்பி எடுத்துவிடுங்கள். அப்புறம் சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைப் போட்டு மதர்போர்டு பெயரையும் ரேம் வகையையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது 240 அல்லது 256 ஜிபி அளவில் 2.5 இன்ச் சாட்டா (கேபிள் வழியே மதர்போர்டில் இணைக்கும் வகை) எஸ்எஸ்டி வாங்குங்கள். எம்.2 (போர்டிலேயே நேராகச் செருகும் வகை) வேண்டாம், இந்த போர்டில் அதற்கு இடமே இல்லை. சாட்டா டேட்டா கேபிள் பெரும்பாலும் கூட வராது, தனியாகக் கேட்டு வாங்குங்கள். எச்61-இல் சாட்டா வேகம் 3 ஜிபிபிஎஸ்தான், எஸ்எஸ்டியின் முழு வேகம் கிடைக்காது என்று பயமுறுத்துவார்கள். உண்மைதான், ஆனாலும் வாங்குங்கள், ஏனென்றால் ஹார்ட் டிஸ்க் ஒரு ஃபைலைத் தேடிப் பிடிக்கவே பத்து மில்லிசெகண்டுக்கு மேல் எடுக்கும், எஸ்எஸ்டிக்கு அதில் நூறில் ஒரு பங்கு போதும், நாம் உணரும் வேகம் அங்கேதான் இருக்கிறது.

மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, கேபினட்டின் பெயிண்ட் இல்லாத உலோகப் பகுதியைத் தொட்ட பிறகே உள்ளே கை வையுங்கள். எஸ்எஸ்டியை மாட்டுங்கள். பழைய ஹார்ட் டிஸ்க் கேபிளைக் கழற்றி வையுங்கள், ஓஎஸ் (இயங்குதளம்) இன்ஸ்டால் செய்யும்போது தவறான டிஸ்க் அழியாது. பயாஸில் (கம்ப்யூட்டரின் அடிப்படை செட்டிங்ஸ் திரையில்) சாட்டா மோடு ஐடிஇ (பழைய முறை) என்று இருந்தால் ஏஎச்சிஐ (எஸ்எஸ்டிக்கு ஏற்ற முறை) என மாற்றுங்கள்.

எந்த ஓஎஸ்? விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது, விண்டோஸ் 11 இந்த பிராசஸரை அதிகாரபூர்வமாக ஏற்காது. என் பரிந்துரை லினக்ஸ் மின்ட் என்ற இலவச ஓஎஸ். பிரவுசர், பிள்ளைகளின் படிப்பு, டைப்பிங் எல்லாவற்றுக்கும் தாராளம்.

அடுத்தது ரேம். டெஸ்க்டாப் டிடிஆர்3, இன்னொரு 4 ஜிபி. சென்னையில் இருப்பவர்கள் ரிச்சி தெருவில் பழையதைத் தேடலாம், கடையிலேயே சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். ஸ்லாட்டின் கிளிப் டக்கென்று மூடும்வரை அழுத்துங்கள். பீப் சத்தம் வந்தால் கழற்றி, தங்க நிறப் பகுதியை ரப்பரால் மெல்லத் துடைத்து, துகள்களைத் தட்டிவிட்டு மறுபடி மாட்டுங்கள்.

கிராபிக்ஸ் கார்டு இப்போது வேண்டாம், அது எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) செலவையும் இழுத்து வரும். கம்ப்யூட்டரின் கடிகாரம் அடிக்கடி பின்னால் போனால் மட்டும் மதர்போர்டில் உள்ள சிஆர்2032 காயின் பேட்டரியை மாற்றுங்கள்.