துணி இஸ்திரிப் பெட்டி வேண்டாம்: ஸ்கீக்கும் ஸ்னோபோர்டுக்கும் சரியான வாக்ஸ் அயர்ன்

பனியில் சறுக்கக் காலில் மாட்டும் ஸ்கீயைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். அடிப்பரப்பு வெள்ளை பூத்து, வறண்ட தோல் மாதிரி தெரிந்தால், வழுக்குவதற்காகப் பூசிய வாக்ஸ் (மெழுகு) தீர்ந்துவிட்டது. எட்ஜ் எனும் உலோக விளிம்பின் ஓரமாகத்தான் முதலில் வெளுக்கும், திரும்பும்போது அழுத்தமும் உராய்வும் அங்கேதான் அதிகம். இந்தக் கட்டத்தில் புது வாக்ஸை உருக்கித் தேய்க்க, நிறையப் பேர் வீட்டில் கிடக்கும் பழைய இஸ்திரிப் பெட்டியைத் தேடி எடுப்பார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன், இரண்டு சீசன் ஒரு பிரச்சினையும் வரவில்லை. மூன்றாவது சீசனில் ஒரு நாள், நுனிப் பக்கம் சரியாக உருகாமல் நின்ற வாக்ஸ் கட்டியைக் கரைக்கலாம் என்று பெட்டியை அதே இடத்தில் சில விநாடி அழுத்திப் பிடித்தேன். ஆறிய பிறகு சுரண்டிப் பார்த்தால், கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு திட்டு, கண்ணாடி மாதிரி பளபளவென்று இருந்தது. அந்த இடம் அதற்கப்புறம் வாக்ஸே குடிக்கவில்லை.

காரணம் இதுதான். ஸ்கீ, இரண்டு காலையும் வைத்து நிற்கும் ஒற்றைப் பலகையான ஸ்னோபோர்டு இரண்டிலும் அடியில் இருக்கும் பேஸ் பாலிஎத்திலீன் பிளாஸ்டிக். அது கிட்டத்தட்ட 130 முதல் 135 டிகிரி செல்சியஸில் இளக ஆரம்பித்துவிடும். நாம் அயர்னை வைக்கும் சூடோ 120 முதல் 150 டிகிரி. பிறகு எப்படித் தப்பிக்கிறது என்றால், அயர்ன் ஒரே இடத்தில் நிற்காமல் நகர்ந்துகொண்டே இருக்கிறது, நடுவில் உருகிய வாக்ஸ் ஒரு படலமாக இருக்கிறது, அதனால் அயர்னின் முழுச் சூடு பேஸுக்குள் இறங்க நேரம் கிடைப்பதில்லை. கை நின்றால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். தூளை அழுத்திச் சூடாக்கிச் செய்யும் சின்டர்டு பேஸ் நிறைய வாக்ஸ் உறிஞ்சும், உருக்கிப் பிதுக்கிச் செய்யும் எக்ஸ்ட்ரூடட் பேஸ் குறைவாக உறிஞ்சும். ஆனால் கருகுவதில் இரண்டும் ஒன்றுதான்.

துணி இஸ்திரிப் பெட்டியில் என்ன குறை? அதன் தட்டு மெல்லியது. குளிர்ந்த பேஸைத் தொட்டதும் சூடு சட்டென இறங்கும், உடனே தெர்மோஸ்டாட் விழித்துக்கொண்டு மறுபடி சூடேற்றும், ஏற்றும்போது தேவைக்கு மேலேயே போய்விடும். டயலில் டிகிரி கிடையாது, துணி வகைதான் எழுதியிருக்கும். நீராவித் துளைகள் இருந்தால் வாக்ஸ் அதற்குள் போய்த் தேங்கிக் கருகி, அடுத்த முறை கறுப்பாகச் சொட்டும். தவிர, ஒரு முறை வாக்ஸ் பட்ட பெட்டியைத் திரும்பத் துணிமேல் வைக்கவே முடியாது.

அதனால் இந்த வேலைக்கென்றே செய்யும் வாக்ஸ் அயர்ன் வாங்கும்போது நான் முதலில் பார்ப்பது தட்டின் கனத்தை. அடிகனமான பாத்திரம் எப்படிச் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்கிறதோ அதே கதைதான். சொந்த உபயோகத்துக்கு 10 மில்லிமீட்டராவது இருக்கட்டும். பந்தயத்துக்குத் தயார் செய்பவர்களிடம் 20, 25 மில்லிமீட்டர் தட்டுகள் இருக்கும், அவர்கள் அதிகச் சூட்டில் உருகும் கெட்டி வாக்ஸ்களை அடிக்கடி போடுகிறார்கள் என்பதால் அது நியாயமும்கூட. தட்டு சமமாக, துளையே இல்லாமல், முன் விளிம்பு லேசாகச் சரிந்து இருந்தால் வாக்ஸ் முன்னால் குவியாமல் அடியில் போகும். டிஜிட்டல் கட்டுப்பாடு நல்லதுதான், ஆனால் மெல்லிய தட்டும் டிஜிட்டலும் உள்ள ஒன்றைவிட, கனத்த தட்டும் டிகிரி போட்ட சாதாரண டயலும் உள்ளதையே நான் எடுப்பேன். வோல்டேஜ் உங்கள் ஊர் மின்சாரத்துக்குப் பொருந்துகிறதா என்று பார்த்துவிடுங்கள், வெளிநாட்டிலிருந்து வரவழைப்பவர்கள் கோட்டை விடும் இடம் இது. வயர் மேஜையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை இழுக்காமல் வர வேண்டும்.

சரி, வேலைக்கு வருவோம். வெளியிலிருந்து கொண்டுவந்த ஸ்கீயை அறைச் சூட்டுக்கு வரவிட்டு, நன்றாகக் காயவிடுங்கள், ஈரத்தின் மேல் வாக்ஸ் ஒட்டாது. ஸ்கீயின் பிரேக்கை ரப்பர் பேண்டால் பின்னுக்கு இழுத்துக் கட்டுங்கள். ஸ்னோபோர்டானால் பூட்ஸைப் பலகையோடு பிணைக்கும் பைண்டிங்கைக் கழற்றிவிடுவது நல்லது, குறைந்தபட்சம் திருகுகளைத் தளர்த்துங்கள், இறுக்கமாக விட்டால் திருகுக்கு நேர் கீழே பேஸ் குழி விழலாம். ஜன்னலைத் திறந்து வையுங்கள். பிரஷ்ஷால் நுனியிலிருந்து வால் நோக்கித் தேய்த்து அழுக்கை எடுங்கள். ரொம்ப அழுக்கென்றால் மென்மையான வாக்ஸ் ஒன்றை அயர்னால் உருக்கித் தேய்த்து, சூடு ஆறுவதற்குள்ளேயே சுரண்டிவிடுங்கள், சாம்பல் நிறத்தில் அழுக்கு அதோடு வந்துவிடும்.

எவ்வளவு சூடு என்பது வாக்ஸ் உறையிலேயே இருக்கும். ஈரமான, கொஞ்சம் வெதுவெதுப்பான பனிக்குரிய மென்மையான வாக்ஸ் 120 டிகிரி வாக்கில் உருகிப் பரவும், கடுங்குளிருக்குரிய கெட்டி வாக்ஸுக்கு 140, 150 தேவைப்படும். புகை வந்தால் சூடு அதிகம், குறைத்துவிட்டுத் தட்டு ஆறும் வரை காத்திருங்கள். இன்னொன்றையும் கவனியுங்கள், இதைப் பலர் யோசிப்பதே இல்லை: சூடு குறைவாக இருந்தாலும் பேஸ் கருகலாம். வாக்ஸ் சரியாக உருகாததால் நம் கை தானாகவே மெதுவாகிறது, ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் போகிறது, கடைசியில் சரியான சூட்டில் விறுவிறுவென்று இழுத்திருந்தால் இறங்கியிருப்பதைவிட அதிகச் சூடு உள்ளே இறங்கிவிடுகிறது.

வாக்ஸ் கட்டியின் மூலையை அயர்ன் தட்டில் தொட்டுப் பிடித்து, நீளவாக்கில் இரண்டு வரிசையாகச் சொட்டவிடுங்கள். வாக்ஸ் மிச்சமாக வேண்டுமென்றால் கட்டியை அயர்னில் ஒரு நொடி தொட்டு, இளகிய முகத்தைப் பேஸில் க்ரேயான் மாதிரி தேய்க்கலாம், நான் இப்போது பெரும்பாலும் இப்படித்தான் செய்கிறேன். அப்புறம் அயர்னை வைத்து நுனியிலிருந்து வால் வரை நிற்காமல் ஒரே சீராக இழுங்கள். கண் அயர்னில் இருக்க வேண்டாம், அதன் பின்னால் இருக்கட்டும். உருகிய வாக்ஸ் ஈரப் பளபளப்போடு 5 முதல் 10 சென்டிமீட்டர் நீளத்துக்கு வால் மாதிரி அயர்னைத் தொடர்ந்து வரும், அதன் முனை மெல்ல மங்கி உறையும். அயர்ன் கடந்த உடனேயே உறைந்தால் சூடு போதவில்லை அல்லது வேகம் அதிகம். பாதி நீளம் வந்த பிறகும் பின்னால் எல்லாம் ஈரமாகவே இருந்தால் மெதுவாகப் போகிறீர்கள். இரண்டு, மூன்று முறை இழுத்தால் போதும், ஒவ்வொன்றுக்கும் நடுவில் கொஞ்சம் ஆறவிடுங்கள். மறுபுறம் கையை வைத்துப் பாருங்கள், வெதுவெதுப்பாக இருக்கலாம், சுடக்கூடாது. ஸ்னோபோர்டு அகலம் என்பதால் ஓரம், நடு, ஓரம் என்று மூன்று பட்டைகளாக இழுங்கள்.

முடிந்ததும் அரை மணி நேரமாவது அறையிலேயே ஆறட்டும். சீக்கிரம் ஆற வேண்டுமென்று பனியில் கொண்டுபோய் வைக்காதீர்கள். பிறகு கூரான அக்ரிலிக் ஸ்கிரேப்பரால் எட்ஜில் வழிந்ததை முதலில் எடுத்துவிட்டு, நுனியிலிருந்து வால் நோக்கிச் சுரண்டுங்கள். வாக்ஸ் மேலே இருக்க இருக்க நன்றாக வழுக்கும் என்று நினைத்து அரைகுறையாக நிறுத்திவிடுகிறார்கள். வேலை செய்வது பேஸுக்குள் இறங்கியதுதான், மேலே தங்குவது இழுத்துப் பிடிக்கும். ஸ்கிரேப்பரில் ஒன்றும் வராத வரை சுரண்டி, நைலான் பிரஷ்ஷால் தேய்த்தால் பேஸில் இருக்கும் மெல்லிய கோடுகள் மறுபடி தெரியும்.

அலமாரியில் பழைய ஃபுளோரோ வாக்ஸ் (ஃபுளோரின் சேர்மங்கள் கலந்த வாக்ஸ்) இருந்தால் அயர்னில் வைக்க வேண்டாம். அந்த வேதிப்பொருள்கள் இயற்கையில் சிதைவதில்லை, புகையும் உடம்புக்கு ஆகாது. சர்வதேச ஸ்கீ கூட்டமைப்பும் 2023-24 சீசனிலிருந்து தன் போட்டிகளில் அதை முழுதாகத் தடை செய்துவிட்டது.

வேலை முடிந்தவுடன் அயர்னை அணைத்து, வெதுவெதுப்பு இருக்கும்போதே காகிதத்தால் தட்டைத் துடையுங்கள். இரும்பால் சுரண்டினால் தட்டில் கீறல் விழும், அந்தக் கீறல் பிறகு பேஸில் தெரியும். சீசன் முடிந்து எடுத்து வைக்கும்போது மட்டும் வாக்ஸைத் தாராளமாகப் போட்டு, எட்ஜையும் மூடி, சுரண்டாமல் அப்படியே விட்டுவிடுங்கள். அடுத்த சீசனின் முதல் நாள் சுரண்டிக்கொள்ளலாம்.